டர்பைனில் பணம் போடும் முன் மாசி மாதத் தண்ணீரை அளந்து பாருங்கள்

பழைய ரப்பர் மரங்களைத் தடிக்கு விற்றுக் கையில் காசு வைத்திருப்பவர்களிடமும், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களிடமும் ஒரு பேச்சு சுற்றுகிறது: "உங்க ஓடையில டர்பைன் வைங்க, 5 கிலோவாட், நாளைக்கு 120 யூனிட்." டர்பைன் என்பது ஓடும் தண்ணீரின் விசையில் சுழன்று கரண்டு எடுக்க உதவும் சக்கரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து இதற்காக என்னை அழைக்கிறார்கள். சிறு நீர்மின் கருவிகளைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும் என் தொழில். ஆசையோடு கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் பணம் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

"கோதையாற்றில் ஓடவில்லையா?" என்று விற்பவர் கேட்பார். ஓடுகிறது, 60 மெகாவாட், 40 மெகாவாட் என்று இரண்டு மின்நிலையங்கள். அங்கே மலைமேல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, வேண்டும்போது இறக்குகிறார்கள். நம் தோட்டத்து ஓடைக்கு ஏது அணை?

கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள நேர் உயரம்): இரண்டையும் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கினால் வாட். சிறு கருவிகளில் அதில் பாதி கரண்டாகக் கிடைத்தாலே நல்லது. கார்த்திகையில் 200 லிட்டர் டிரம் 10 நொடியில் நிறைகிறது, இறக்கம் 30 மீட்டர் என்று வையுங்கள். கைக்கு வருவது சுமார் 3 கிலோவாட். அதே டிரம் மாசியில் நிறைய 80 நொடி ஆனால், 400 வாட்டைக்கூட எட்டாது. பெரிய வரத்துக்கென்று வாங்கிய டர்பைன் குறைந்த தண்ணீரில் இன்னும் மோசமாக ஓடும். கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் பெல்டன் வகை ஓரளவு தாக்குப்பிடிக்கும். விசிறி போன்ற, இதழ்களின் கோணத்தை மாற்ற முடியாத புரொப்பல்லர் வகை படுத்துவிடும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது உண்மைதான், ஆனால் தைக்கும் பங்குனிக்கும் இடையில் ஓடை எப்படி இருக்கும் என்று தோட்டக்காரருக்கே தெரியும். ரப்பர் இலை உதிர்வதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். தண்ணீர் எடுக்கும் வாயில் வைத்த கம்பிவலையில் சருகு அப்பிக்கொள்ளும். காலையில் வாரிப்போட்டால் மாலையில் மறுபடி அடைத்திருக்கும். யார் வாருவது என்பதற்கும் சேர்த்துத்தான் கூலிக் கணக்குப் போட வேண்டும்.

குழாயிலும் ஏமாறுவார்கள். நொடிக்கு 20 லிட்டரை 4 அங்குலக் குழாயில் 100 மீட்டர் கொண்டுவந்தால், உராய்வில் 5, 6 மீட்டர் இறக்கம் போய்விடும். செலவு மிச்சம் என்று 3 அங்குலம் போட்டால் போவது 20 மீட்டருக்கு மேல். அப்புறம் 30 மீட்டர் இறக்கம் இருந்து என்ன பயன்?

இதைவிடக் கொடுமை, ஓடையே இல்லாதவர்களிடம் விற்கப்படும் மாடித் தொட்டி. "சார், விழுற தண்ணிய பம்பு வெச்சு மேல ஏத்திட்டா கரண்டு வந்துட்டே இருக்கும்லா?" என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார், வீடியோவையும் காட்டினார். 1,000 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் கீழே விழுந்தால், துளிகூட வீணாகாமல் எடுத்தாலும் 0.027 யூனிட். 9 வாட் பல்பு ஒன்று 3 மணி நேரம் எரியும், அவ்வளவே. அதே தண்ணீரை மேலே ஏற்றப் பம்பு அதைவிட அதிகம் தின்னும். எந்த மாடல் டர்பைன் வாங்கினாலும் இது மாறாது. வீடியோவில் அது ஓடுகிறதென்றால் கண்ணில் படாத ஒரு வயர் எங்கோ இருக்கிறது.

"நீங்கள் பணம் மட்டும் போடுங்கள், மாதாமாதம் இவ்வளவு நிச்சயம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மழையை நம்பி ஓடும் இயந்திரம் மாதாமாதம் ஒரே தொகை தராது. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டு மத்திய சட்டம் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் ரசீதோடு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

கருவியை மட்டும் விற்பவரிடம், ஏற்கெனவே ஓடும் ஓரிடத்தின் ஓராண்டு மீட்டர் ரீடிங்கைக் கேளுங்கள். ஓடை புறம்போக்கிலோ வனப்பகுதியிலோ இருந்தால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. வீட்டில் மின்இணைப்பு இருப்பவருக்கு, கூரையில் சோலார் போடுவதே பெரும்பாலும் என் பரிந்துரை: கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். மின்கம்பி எட்டாத மலைத்தோட்டத்தில் வற்றாத ஓடை இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். டிரம்மோடு மாசியில் வருகிறேன்.