மாட்டுக்கு வயிறு உப்பினால் எண்ணெய் ஏன் ஊற்றுகிறார்கள்?

மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கடலை எண்ணெயை ஊற்று என்பார் ஒருவர். இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், வெற்றிலை எல்லாம் சேர்த்து அரைத்து, வெல்லம் கலந்து, உப்பில் புரட்டி நாக்கில் தேய் என்பார் இன்னொருவர். இரண்டிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த பசுவின் அசையூண் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிக்கும் தொட்டி. அதில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் புல்லை உடைத்துத் தருகின்றன, அந்த வேலையில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை கரியமில வாயுவும் மீத்தேனும் கிளம்பும். அத்தனையும் ஏப்பமாக வெளியேறியாக வேண்டும். ஏப்பம் நின்றால் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மேடாகிவிடும், தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் கேட்கும்.

ஏப்பம் இரண்டு விதமாக நிற்கும். தொண்டையில் கிழங்கோ காயோ அடைத்துக்கொள்வது, வயிறு அசையாமல் கிடப்பது, மாடு ஒருக்களித்து விழுந்து உணவுக்குழாயின் வாயைத் திரவம் மூடிவிடுவது, இதெல்லாம் ஒரு வகை. இதில் வாயு தனியாக மேலே நிற்கும், குழாய் விட்டால் புஸ்ஸென்று வந்துவிடும். இன்னொன்று நுரை உப்புசம். இளசான குதிரைமசால் போன்ற பயறுவகைப் பசுந்தீவனத்தை வயிறு முட்டத் தின்றால், அதிலிருந்து கரையும் புரதங்கள் வாயுவைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், சோப்பு நுரை மாதிரிதான், ஆனால் லேசில் அடங்காது. நுரையை ஏப்பம் விட முடியாதே!

எண்ணெய் வேலை செய்வது இங்கேதான். குமிழியின் மெல்லிய சுவரில் எண்ணெய் பரவியதும் அந்தச் சுவர் பலமிழந்து உடைகிறது, சிறு குமிழிகள் சேர்ந்து பெரிதாகி, கடைசியில் வாயு தனியே பிரிகிறது. வளர்ந்த மாட்டுக்கு கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை கொடுப்பார்கள். தொண்டை அடைப்புக்கு இதே எண்ணெயை ஊற்றினால் ஒரு பலனும் இருக்காது. (டானின் என்ற துவர்ப்புப் பொருள் போதுமான அளவு உள்ள பயறுவகைத் தீவனங்கள் உப்புசம் உண்டாக்குவதில்லை. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, நுரைக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது.)

சரி, அரைத்துத் தேய்க்கும் மருந்து? 100 லிட்டர் தொட்டிக்குள் 100 கிராம் இஞ்சி போய் என்ன செய்துவிடும் என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. என் கணிப்பில் அது வாயிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறது. உப்பும் காரமும் நாக்கில் பட்டதும் மாடு சப்புக்கொட்டி மெல்ல ஆரம்பிக்கும், எச்சில் கொட்டும். ஒரு பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கிறது, அதில் சமையல் சோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட் உண்டு, கூடவே நுரையைக் குறைக்கும் ஒருவகைக் கோழைப் பொருளும் உண்டு. வாயில் குறுக்கே குச்சி கட்டி மெல்ல விடுவதும் இதே தந்திரம்தான். முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்துவார்கள் இல்லையா, அது உணவுக்குழாயின் வாயைத் திரவத்துக்கு மேலே கொண்டுவர.

தானியத்தை அளவுக்கு மீறித் தின்ற மாட்டின் கதை வேறு. அங்கே லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்துப்போகும், இஞ்சி மிளகு அரைத்த மருந்து அதற்குப் போதாது, மருத்துவர் வேண்டும்.

எதை ஊற்றினாலும் மாட்டின் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், நாக்கை வெளியே இழுக்காதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வந்து, உப்புசத்தில் பிழைத்த மாடு அதில் போய்விடும். நாக்கை நீட்டி வாயால் மூச்சு வாங்கும் மாட்டுக்கு மருந்து அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, உப்பிய வயிறு உதரவிதானத்தை அழுத்தி மூச்சை நிறுத்திவிடும். மருத்துவர் இடது பள்ளத்தில் குத்திக் குழாய் செருகுவார். நுரையாக இருந்தால் அந்தக் குழாய் வழியாகவும் சரியாக வராது, அப்போது அவரும் அதே குழாயில் எண்ணெயையோ நுரை உடைக்கும் மருந்தையோதான் ஊற்றுவார்.