25 நாட் வேகம் வேண்டும் என்கிறார்கள்: 1908இன் குரூசர் ஒன்றை வரைந்து பார்ப்போம்

ஒருபோதும் கட்டப்படாத போர்க்கப்பல்களை வரைவது சிலருக்குத் தீராத பொழுதுபோக்கு. நீளம், வேகம், பீரங்கி என்று எண்களைக் கொடுத்தால் அந்தக் கப்பல் ஒழுங்காக மிதக்குமா என்று சொல்வதற்கு ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச மென்பொருள்கூட இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பீரங்கிகளைத்தான் எண்ணுவார்கள். தொழில் தெரிந்தவர் எண்ணுவது டன்.

சரி, ஆண்டு 1908. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் பிலிப் வாட்ஸின் அலுவலகத்தில் நமக்கும் ஒரு மேசை கிடைத்துவிட்டது. தூரக் கடல்களில் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போகக்கூடிய இலகு ரக குரூசர், அதாவது வேகமான நடுத்தரப் போர்க்கப்பல், ஒன்று வேண்டுமாம். நிஜத்தில் இந்தத் தேவைக்குக் கட்டப்பட்டவை ‘டவுன்’ வகைக் கப்பல்கள். அவற்றின் முதல் தொகுதியான பிரிஸ்டல் ரகம் எடை 4,800 டன், 22,000 குதிரைத்திறன், வேகம் 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். அதையே அடிப்படையாக வைத்துக்கொள்வோம்.

மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, “25 போதாது, 27 ஆக்குங்கள்” என்கிறார். இரண்டு நாட்தானே? ஆனால் தேவைப்படும் திறன் தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 22,000 என்பது 27,700 ஆகிவிடும். இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான், ஏனென்றால் நடுவில் அலை வந்து நிற்கிறது.

ஓடும் கப்பல் தன் முகப்பில் அலையை எழுப்பிக்கொண்டே போகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலை நீளம் கப்பலின் நீளத்தை எட்டும்போது பின்பகுதி பள்ளத்தில் இறங்கும், முகப்பு தூக்கிக்கொள்ளும். அதன்பிறகு எவ்வளவு திறன் கொடுத்தாலும் பெரும்பகுதியை அலையே தின்றுவிடும். பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் நீர்த்தொட்டி கட்டி, பாரஃபின் மெழுகில் செய்த சிறு கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த விஷயங்களை எண்களாக்கினார். சுருக்கமான வாய்பாடு இது: கப்பலின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்தச் சிக்கலான வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 300 அடிக் கப்பலுக்கு அது 23 நாட். 430 அடிக்குக் கிட்டத்தட்ட 28. குரூசர்கள் ஏன் அப்படி ஒடிசலாக, நீளமாக இருந்தன என்பதற்குப் பெரும்பாலான பதில் இதற்குள் இருக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன விலை என்பதையும் பார்த்துவிடலாம். 1912இல் கட்டத் தொடங்கிய அரெத்யூசா ரகம் வெறும் 3,500 டன். எடைக் குறைவையும் சேர்த்து மும்மடிக் கணக்குப் போட்டால், அதை 28.5 நாட் ஓட்ட ஏறக்குறைய 26,000 குதிரைத்திறன் போதும். வைத்ததோ 40,000. அவ்வளவு திறனை அந்தச் சின்னக் கப்பலுக்குள் அடக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அது நிலக்கரியை விட்டுவிட்டு எண்ணெயை மட்டுமே எரித்தது. எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயில் வெப்பம் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

நம் மேசைக்குத் திரும்புவோம். ஒரு டன் இயந்திரம் 20 குதிரைத்திறன் தரும் என்று வைத்துக்கொண்டால், கூடுதலான 5,700க்கு 285 டன் சேர்கிறது. கூடுதல் பாய்லர்களை வைக்கக் கப்பல் நீள வேண்டும். நீண்டால் உடலின் எஃகு கூடும். அந்தப் பாய்லர்களுக்குக் கரி அள்ளிப் போட ஆள், அந்த ஆளுக்குப் படுக்கை, தண்ணீர், சாப்பாடு. இப்போது கப்பல் கனத்துவிட்டதால் 27 நாட் ஓட 27,700 போதாது. மறுபடி முதலிலிருந்து கணக்கு. கூட்டல் ஓரிடத்தில் நிற்கும்வரை இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

இயந்திரத் தேர்விலும் ஒரு சங்கடம். நீராவியால் சுழலும் டர்பைனா, முன்னும் பின்னும் நகரும் பழைய பிஸ்டனா? 1904இல் ஒரே அச்சில் வார்த்த இரண்டு குரூசர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டர்பைன் வைத்த அமெதிஸ்ட், பிஸ்டன் வைத்த டோபாஸைவிட ஒரு நாட் அளவுக்கும் மேலே வேகமாக ஓடியது. அந்த வேகத்தில் கரியும் மிச்சம். ஆனால் மெதுவாகப் போகும்போது டோபாஸே சிக்கனம். காவல் கப்பலோ வாழ்நாளில் பெரும்பகுதி மெதுவாகத்தான் போகும்! இருந்தும் டர்பைன் வென்றது. எதிரியைக் கண்டபிறகு கப்பலின் தலைவிதியைத் தீர்மானிப்பது உச்ச வேகம் அல்லவா.

அடுத்தது கவசம். ஓர் அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தகடு சதுர அடிக்கு 40.8 பவுண்டு. இயந்திர அறைகளை மறைக்க 300 அடி நீளம், 10 அடி உயரம், இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத் தகடு போட்டால் சுமார் 219 டன். பிரிஸ்டலில் பக்கவாட்டுக் கவசமே கிடையாது. இயந்திரங்களுக்கு மேலே வளைந்த கவசத் தளம் மட்டும்தான். பின்னால் வந்த சாத்தம் ரகத்தில்தான் தகடு பக்கங்களுக்கு வந்தது, கப்பலும் 5,400 டன் ஆனது.

உயரமும் கணக்கில் வரும். கனத்தை மேலே ஏற்றினால் கப்பல் கவிழப் பார்க்கும். அது எல்லாருக்கும் தெரியும். கனத்தைக் கீழேயே இறுக்கி வைத்தாலும் தொல்லைதான். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைபோல வெடுக் வெடுக்கென்று நிமிரும். அப்படித் துள்ளும் மேல்தளத்தில் நின்று யாரால் குறிபார்க்க முடியும்? மெதுவாக ஆட வேண்டும், ஆனால் வயிற்றில் தண்ணீர் புகுந்தாலும் கவிழக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகல்.

இப்போதுதான் பீரங்கி. பிரிஸ்டலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆறு அங்குலக் குழாய் விட்டமுள்ள பீரங்கிகள் இரண்டு, பக்கங்களில் நாலு அங்குலப் பீரங்கிகள் பத்து. எனக்கு இந்தக் கலவை பிடிக்காது. தூரத்தில் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்துத்தான் குறியைத் திருத்துவார்கள். இரண்டு அளவுக் குண்டுகள் விழுந்தால் எந்தத் தெறிப்பு எதனுடையது? தாழ்வாக வைத்த நடுப்பகுதிப் பீரங்கிகளை அலையும் நனைத்தது. அடுத்து வந்த வேமவுத் ரகத்தில் இருந்த எட்டுப் பீரங்கிகளுமே ஆறு அங்குலம். அந்தக் குண்டு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. ஆடும் கப்பலில் ஓர் ஆள் கையால் தூக்கிப் போட முடிகிற உச்சம் ஏறக்குறைய அதுதான்.

இந்தத் தேர்வு சரியா என்பதை 1914 சொன்னது. செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் குரூசர் எம்டனில் இருந்தவை பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே அதை மடக்கிய ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’, சாத்தம் ரகத்தைச் சேர்ந்தது. கனமான குண்டு, கூடுதல் வேகம் இரண்டும் அதன் பக்கம். தூரத்தைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டு எம்டனை நொறுக்கியது. எம்டன் கடைசியில் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்றது.

ஆனாலும் முதலில் அடி வாங்கியது சிட்னிதான். எதிரியின் சின்னப் பீரங்கி இவ்வளவு தூரம் எட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே குண்டுகள் வந்து விழுந்தன. தூரம் அளக்கும் கருவி ஒன்று தொடக்கத்திலேயே போயிற்று. எம்டனின் பீரங்கிகளை 30 பாகைவரை உயர்த்தலாம். நாம் வரையும் கப்பலின் கணக்குத் தாளில் பீரங்கியின் அளவு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, உயர்த்தும் கோணத்துக்குத்தான் வரி இல்லை. அதையும் எழுதினால், குழாயின் பின்முனை தளத்தில் இடிக்காமலிருக்கப் பீரங்கியை உயர்த்தி நிறுத்த வேண்டும். 45 கிலோக் குண்டை இன்னும் உயரத்துக்குத் தூக்க வேண்டும். மேலே கனம் கூடியதால் கப்பலைச் சற்று அகலமாக்க வேண்டும், அகலமாக்கினால் 25 நாட் வேகத்துக்கு 22,000 குதிரைத்திறன் பற்றாது.