இதிலியோ: கிரேக்கத்தின் ஆயர் காதல் நாடகம்

கிரேக்கத்தின் முதல் பேசும்படம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது, 1932இல் திமித்ரிஸ் சகிரிஸ் இயக்கிய 'ஓ அகபிதிகோஸ் திஸ் வோஸ்கோபுலாஸ்'. திமித்ரியோஸ் கொரொமிலாஸ் 1891இல் எழுதிய மேடை நாடகம்தான் அதற்கு மூலம். அந்த நாடக வகைக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் 'த்ரமதிகோ இதிலியோ'. த்ரமதிகோ என்றால் நாடகம் சார்ந்தது. சரி, இதிலியோ?

பழைய கிரேக்கத்தில் 'எய்தோஸ்' என்றால் உருவம், தோற்றம். அதைச் சிறிதாக்கிச் சொன்னால் 'எய்துல்லியோன்', அதாவது சிற்றுருவம். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் பாடல்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றில் அதிகம் கொண்டாடப்பட்டவை மேய்ப்பர்களின் பாட்டும் காதலும். அதனால் வடிவத்தைச் சொன்ன சொல் மெல்ல உள்ளடக்கத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் இருவருக்குள் 'இதிலியோ' என்றால் அவர்கள் காதலிக்கிறார்கள் என்றே பொருள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் மேடை ஏறியது. மலைக் கிராமம், ஆட்டுமந்தை, 'ஃபுஸ்தனேலா' என்ற மடிப்புப் பாவாடை கட்டிய ஆண்கள், நாட்டுப்பாடல்களின் பதினைந்து அசைச் சந்தத்தில் வசனம். மக்களுக்கு இது பழகிய உலகம். பேசாப்பட காலத்திலேயே, 1915இல், கிரேக்கத்தின் முதல் முழுநீளப் படமான 'கோல்ஃபோ' இதே வகை நாடகத்திலிருந்துதான் பிறந்தது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நாட்டுப்புறக் கவிதை' என்றால் உழவரும் மீனவரும்கூட உள்ளே வந்துவிடுவார்கள். எனக்கு முதலில் தோன்றியது 'முல்லை நாடகம்'. நிலம் பொருந்துகிறது. ஆனால் முல்லையின் உரிப்பொருள் இருத்தல், தலைவனுக்காகக் காத்திருப்பது. இந்த நாடகங்களின் உயிர் அதுவல்ல. அப்புறம் கலித்தொகையின் முல்லைக்கலி நினைவுக்கு வந்தது. அதன் 17 பாடல்களில் ஆயர் குலத்துக் காதலர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதையும் கேட்கலாம். காத்திருப்பைவிட அந்தப் பேச்சுதான் இதிலியோவுக்கு நெருக்கம். ஆகவே 'ஆயர் காதல் நாடகம்' என்பதே என் தேர்வு.

படத்தின் பெயருக்கும் அங்கேயே சொல் கிடைக்கிறது. 'வோஸ்கோஸ்' மேய்ப்பர், 'புலா' இளம்பெண்ணைக் குறிக்கும் விகுதி. கிரேக்கக் குடும்பப் பெயர்களின் கடைசியில் வரும் 'புலோஸ்' இதன் ஆண்பால். 'அகபிதிகோஸ்' காதலன். முல்லைக்கலி அந்தப் பெண்ணை 'ஆயமகள்' என்கிறது. அப்படியென்றால் படம், 'ஆயமகளின் காதலன்'.