"எலும்பு இழப்பு" என்று ஒரு வரி போதாது

டாக்டர் எழுதிய சார்ட்டைப் பார்த்து நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸுக்கான எண் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். இந்த வாரம் ஆடிட்டுக்கு எடுத்த சார்ட்டில் நோய் என்று எழுதியிருந்தது ஒரே வரிதான்: "மேல் தாடையில் எலும்பு இழப்பு." அமெரிக்காவில் ஒரு கிளினிக், மேல் தாடைக்கு எலும்பு கிராஃப்ட் (எலும்பு ஒட்டு) வைத்துவிட்டு மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு அந்தச் சிகிச்சையின் எண்ணான 21210 என்று பில் போட்டிருக்கிறார்கள். இங்கே சென்னையில் கோட் பண்ணிய தம்பி அதற்கு எம்81.0 கொடுத்திருந்தார், அதாவது வயதானால் வருகிற ஆஸ்டியோபோரோசிஸ். கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. இந்த மாதத்தில் இது நான்காவது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பல் மருத்துவம், பிடிஎஸ், முடித்து ஆறு வருடம் கிளினிக்கில் இருந்துவிட்டு கோடிங்குக்கு வந்தவள். அந்தத் தம்பி செய்த அதே தவற்றை நோயாளிகள் செய்து அங்கே பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து நான்கு கால்சியம் டப்பாவை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். மேல் முன்பல் நாக்கு பட்டாலே முன்னும் பின்னும் அசைந்தது. "எலும்பு தேஞ்சிருக்குன்னு சொன்னாங்க டாக்டரம்மா, ரெண்டு வருஷமா விடாம சாப்பிடறேன், இன்னும் ஆட்டம் நிக்கல." ஈறுக்குள் அளவுகோலை விட்டால் 7 மில்லிமீட்டர் இறங்குகிறது, ஓரத்தில் சீழ் வருகிறது. பல் கிளீன் செய்தால் பல் ஆடும் என்று யாரோ சொன்னதால் அதுவரை கிளீனிங் பக்கமே போகவில்லை. சர்க்கரை பார்க்கச் சொன்னோம், 280.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆஸ்டியோபோரோசிஸ் என்பது உடம்பு முழுக்க உள்ள எலும்பின் அடர்த்தி குறைவது. அதை இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துச் சொல்வார்கள். பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு கரைவது பெரும்பாலும் அந்த இடத்திலேயே நடக்கிற விஷயம். பல்லில் காரை சேர்ந்து ஈறு நோயாகிக் கரைகிறது, இல்லையென்றால் பல்லை எடுத்த பிறகு அங்கே வேலை இல்லாமல் போய்க் கரைகிறது. கால்சியம் குறைந்ததால் கரையவில்லை, அதனால் கால்சியம் விழுங்கினால் திரும்ப வளரவும் வளராது. இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், இருந்தால் இரண்டையும் டாக்டர் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும், நாமும் தனித்தனியாகத்தான் கோட் செய்ய வேண்டும். "எலும்பு" என்ற சொல்லைப் பார்த்ததும் எலும்பு நோய்க் கோட்கள் உள்ள எம் சாப்டருக்கு ஓடாதீர்கள்.

சரி, மேல் தாடை என்றால் முதலில் என்ன பார்க்க வேண்டும்? அந்த இடத்தில் பல் இருக்கிறதா, இல்லையா. இதைக் கேட்காமல் விடுவதால்தான் பாதிப் பிழை. பல் இருந்து, சுற்றியுள்ள எலும்பு இறங்கியிருந்து, டாக்டரும் ஈறு நோய் என்று எழுதியிருந்தால் கே05.3 வரிசை. எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பு பல்லின் கழுத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு, அதைத் தாண்டினால்தான் இழப்பு என்று பேச்சு. பல் போன இடத்தில் மிஞ்சிய மேட்டில் எலும்பு சுருங்கியிருந்தால் கே08.2 வரிசை. அதிலும் கே08.21, 22, 23 கீழ்த் தாடைக்கு, 24, 25, 26 மேல் தாடைக்கு: லேசானது, நடுத்தரம், தீவிரம் என்ற வரிசையில். மேல் தாடைக்கு கே08.23 போட்ட சார்ட்டும் என்னிடம் இருக்கிறது.

மேல் தாடையைத் தனியாகப் பார்க்கக் காரணம் உண்டு. கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டால் எலும்பு இரண்டு பக்கமிருந்தும் குறைகிறது, கீழேயிருந்து மேடு சுருங்கும், மேலேயிருந்து சைனஸ் என்ற காற்று அறை இறங்கி வரும். பல் எடுத்த முதல் வருடத்திலேயே மேட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடலாம். "அப்புறம் கட்டிக்கலாம்" என்று ஐந்து வருடம் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க இடமே மிஞ்சாமல் போவது இப்படித்தான். மிஞ்சிய உயரத்தை ஓபிஜியில் (தாடை முழுக்கத் தெரியும் எக்ஸ்ரே) ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், அந்தப் படம் பெரிதாக்கிக் காட்டும். சிபிசிடி எடுங்கள், அது தாடையின் முப்பரிமாண ஸ்கேன்.

இன்னொன்று, இது டாக்டர்களுக்கு. மேல் தாடையில் ஒரு பக்கம் மட்டும் நாலைந்து பல் திடீரென்று சேர்ந்து ஆடினால் ஈறு நோய் என்று எழுதி மூடிவிடாதீர்கள். 2021இல் கொரோனாவுக்குப் பிறகு கருப்புப் பூஞ்சை வந்தவர்களில் சிலர் முதலில் பல் டாக்டரிடம்தான் வந்தார்கள், ஆடுகிற மேல் பல்லோடு. சைனஸில் வரும் புற்றுநோயும் அப்படிக் காட்டும். எலும்பு வெளியே தெரிகிறது என்றால், புற்றுநோய்க்கோ ஆஸ்டியோபோரோசிஸுக்கோ ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். மருந்தால் தாடை எலும்பு செத்துப்போவதற்கு எம்87.180 என்று தனி கோட் இருக்கிறது, சிகிச்சையும் வேறு.

கோடர் தம்பி தங்கைகளுக்கு: படத்தைப் பார்த்து நீங்களாகத் "தீவிரம்" என்று முடிவு செய்யக் கூடாது, என்னை மாதிரி பல் படித்திருந்தாலும் கூடாது. லேசானதா தீவிரமானதா என்பதற்கு ஐசிடி என்ற நோய்க் கோட் புத்தகத்தில் மில்லிமீட்டர் கணக்கு எதுவும் கொடுக்கவில்லை, டாக்டர்தான் அந்தச் சொல்லை எழுத வேண்டும். எழுதவில்லையா, குவெரி போடுங்கள், அதாவது டாக்டரிடமே எழுதிக் கேளுங்கள். குவெரியிலும் "தீவிரம் தானே?" என்று பதிலை ஊட்டிவிடாதீர்கள். வெளிநோயாளி சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியதை உறுதியான நோயாகக் கோட் செய்யாதீர்கள். டைப் 2 சர்க்கரையும் ஈறு நோயும் ஒரே சார்ட்டில் இருந்தால், தொடர்பில்லை என்று டாக்டர் எழுதாத வரை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஈ11.630 வர வேண்டும், இதைத் தொடர்ந்து விட்டுவிடுகிறீர்கள். டார்கெட் அழுத்தம் எனக்கும் தெரியும், நானும் அதே நாற்காலியில் இருந்தவள்தான். ஆனால் தவறான கோட் அந்த நோயாளியின் பதிவில் நின்றுவிடும், அடுத்த டாக்டர் அதை நம்பி மருந்து எழுதுவார்.

டாக்டர்களே, மூன்று விவரம் எழுதுங்கள்: பல் உண்டா இல்லையா, எந்தத் தாடை, எவ்வளவு. காரணம் தெரிந்தால் அதையும்.

அந்த சார்ட்டுக்குக் குவெரி அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது: மேல் தாடை இடது பின்பகுதி, பல் இல்லை, தீவிரச் சுருக்கம், சிபிசிடியில் சைனஸுக்குக் கீழே மிஞ்சியது 3 மில்லிமீட்டர். எம்81.0ஐ எடுத்துவிட்டு கே08.26 போட்டு இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறோம்.