கவிழ்ந்த பென்ஸும் டேஷ்போர்டில் சிமிட்டும் மஞ்சள் விளக்கும்

காரின் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏழெட்டு விளக்குகள் ஒன்றாக எரிந்து அணையும். அவற்றில் ஒன்று மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கார். அதன் கீழே பாம்பு ஊர்ந்த தடம் போல இரண்டு நெளிகோடுகள். தினமும் கார் ஓட்டுகிறவர்களிடம் அது என்ன விளக்கு என்று கேட்டால்கூடச் சட்டென்று பதில் வராது. மழைநாளில் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பும்போது அது படபடவென்று சிமிட்டினால், அந்த நொடியில் கார் உங்களைக் கேட்காமலே ஏதோ ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து உங்களைச் சாலையிலேயே வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஈ.எஸ்.பி. என்பார்கள். சறுக்கும் காரை நிலைப்படுத்தும் ஏற்பாடு. ஆரம்பத்தில் கோடீஸ்வரர்களின் காரில் மட்டும் இருந்த இது, சின்னக் கார்களுக்கும் இறங்கி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மனியின் மிகப் பெருமை வாய்ந்த கார் நிறுவனம் ஒரு நாள் ஊர் பார்க்கத் தலைகுனிந்தது.

பென்ஸ் என்ற பெயருக்கு இருக்கும் மதிப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மதிப்பின் தொடக்கத்திலேயே ஒரு பிரேக் கதை இருக்கிறது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அந்த வண்டியை ஓட்டிப்போனார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துக் கட்டைகளின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்று எல்லா வண்டியிலும் இருக்கும் பிரேக் லைனிங்குக்கு முன்னோடி அந்தத் தோல்துண்டுதான். பென்ஸ் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பொறியாளர் பெர்த்தாதான்.

கான்ஷ்டாட் நகரில் தனியாக மோட்டார் செய்துகொண்டிருந்த காட்லீப் டைம்லரின் நிறுவனமும் பென்ஸ் நிறுவனமும் 1926இல் இணைந்தன. அந்தப் பெயரில் ஒரு பெரிய கறையும் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. 1944இல் டைம்லர்-பென்ஸ் ஆலைகளில் இருந்த சுமார் 63,000 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்: பிடித்துவரப்பட்ட பொதுமக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள்.

போருக்குப் பின் மீண்டு வந்தபோது, 'எங்கள் காரில் உயிர் பத்திரம்' என்பதையே நிறுவனம் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அதற்கு அடித்தளம் போட்டவர் அங்கே பொறியாளராக இருந்த பேலா பாரேனி. கார் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், நடுவில் ஆட்கள் உட்காரும் அறை மட்டும் கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும், மோதலின் ஆற்றலை அந்த நசுங்கல் தின்றுவிடும் என்றார் அவர். 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அந்த யோசனை 1959இல் விற்பனைக் காரில் வந்தது. இன்று நசுங்கும் முன்பகுதி இல்லாத கார் இல்லை.

அடுத்தது 1978. கார் பாகங்கள் செய்யும் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ்., பென்ஸின் விலையுயர்ந்த எஸ்-கிளாஸ் காரில் வந்தது. ஈ.எஸ்.பி.யைப் புரிந்துகொள்ள இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உருளும் சக்கரம்தான் நீங்கள் ஸ்டீயரிங்கில் சொல்வதைக் கேட்கும். பிரேக்கை ஒரேயடியாக மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் தான் போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஏ.பி.எஸ். சக்கரங்களின் வேகத்தை உணரிகளால் கவனிக்கிறது. ஒரு சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் அதன் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுபடி ஏற்றி, ஒரு வினாடிக்குள் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அப்போது பெடல் காலடியில் தடதடப்பது அதனால்தான். ஆக, கணினியின் கைக்குப் பிரேக் எட்டிவிட்டது. அதுவே பிரேக் பிடிக்கவும் செய்தால் என்ன என்ற கேள்விதான் ஈ.எஸ்.பி.யாக வளர்ந்தது. 1995இல் அதுவும் வந்தது, 12 சிலிண்டர் கொண்ட எஸ் 600 கூபேயில். அதை வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

இந்தப் பின்னணியில்தான் 1997 அக்டோபர் 18 அன்று ஏ-கிளாஸ் கடைக்கு வந்தது. நீளம் 3.6 மீட்டருக்கும் குறைவு. பென்ஸ் நட்சத்திரம் தாங்கிய முதல் சின்னக் குடும்பக் கார். இவ்வளவு குட்டிக் காரில் நசுங்குவதற்கு முன்னால் இடம் எங்கே? பொறியாளர்கள் அழகான வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். தளத்தை இரண்டு அடுக்காக்கி, எஞ்சினைச் சாய்த்து வைத்தார்கள். நேருக்கு நேர் மோதினால் எஞ்சின் ஆட்களின் மேல் வந்து இடிக்காமல், தளத்துக்கு அடியில் சறுக்கி இறங்கிவிடும். ஆனால் இரட்டைத் தளம் என்றால் உட்காருபவர்கள் மேலே போவார்கள். கார் உயரமாகும். ஓர் ஆபத்துக்குச் செய்த வைத்தியம் இன்னோர் ஆபத்துக்குக் கதவைத் திறந்தது.

மூன்றே நாள். அக்டோபர் 21 அன்று ஸ்வீடனின் 'டெக்னிகென்ஸ் வார்ல்ட்' என்ற கார்ப் பத்திரிகையின் ராபர்ட் கொலின் அந்தக் காரை எல்க் சோதனைக்கு எடுத்துப் போனார். எல்க் என்பது வடக்கு நாட்டுக் காடுகளில் வாழும் பெரிய மான். குதிரையைவிட உயரம், நீண்ட கால்கள். கார் அதன் கால்களில் இடித்தால் சில நூறு கிலோ எடையுள்ள உடல் அப்படியே முன்கண்ணாடி மேல் வந்து விழும். அதனால் ஸ்வீடனில் எல்க் குறுக்கே வந்தால் காரை வெடுக்கென்று ஒடித்து விலகி, எதிரே வண்டி வரும் என்பதால் உடனே மறுபடி தன் பாதைக்குத் திரும்பத் தெரிய வேண்டும். கூம்புகளை நட்டு வைத்து இதைச் சோதிப்பார்கள். ஏ-கிளாஸ் மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் இடம் ஒடிந்து, வலம் ஒடிந்து, இரண்டு சக்கரத்தில் எழும்பி, புரண்டது.

ஏன் கவிழ்ந்தது? ஒரு தீப்பெட்டியை மேசையில் படுக்க வைத்து விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள்; நகரும். அதையே செங்குத்தாக நிறுத்தி மேல்பாதியில் தள்ளுங்கள், சாயும். காரும் அப்படித்தான். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். டயர் சாலையைப் பற்றும் வலிமை, அதாவது உராய்வு எண், அதைவிடக் குறைவாக இருக்கும்வரை கார் சறுக்குமே தவிரக் கவிழாது. தாழ்வான செடான் காரில் அந்த எண் 1.4 அளவில் இருக்கும். நல்ல டயருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இடையே உராய்வு எண் 1-ஐ ஒட்டி வரும். நடுவில் தாராளமான இடைவெளி. கார் உயரமானால் அந்த இடைவெளி சுருங்கும். தீப்பெட்டிக்கு அடியில் சொரசொரப்பான துணி விரித்துத் தள்ளிப் பார்த்தால் இதன் மறுபக்கமும் புரியும்: பிடிமானம் கூடக்கூடக் கவிழ்வதும் எளிதாகிறது.

கணக்கு இதோடு முடியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் சாய்வோம். சமாளித்து நிமிர்வதற்குள் அவர் வலப்பக்கம் ஒடித்தால், நிமிரும் வேகமும் புதிய திருப்பமும் சேர்ந்து நம்மை இடப்பக்கம் இன்னும் பலமாகத் தள்ளும். எல்க் சோதனையில் காருக்கும் இதே கதிதான். முதல் திருப்பத்தில் ஒரு பக்கம் அமுங்கிய சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள், இரண்டாவது திருப்பத்தில் எம்பி, காரை மறுபக்கம் தூக்கி வீசுகின்றன. எதுவும் மோதாமல், சமதளச் சாலையிலேயே ஒரு கார் கவிழ இதுபோதும்.

நிறுவனத்தின் முதல் பதில் பெருமைப்படும்படி இல்லை. இது நடைமுறையில் இல்லாத சோதனை என்றார்கள். பிறகு டயர்மேல் பழி போட்டார்கள். ஜெர்மனியில் சிரிப்பாய்ச் சிரித்தது. பழைய கிழக்கு ஜெர்மனியின் ட்ரபான்ட் காரை அதே மாதிரிச் சோதனையில் ஓட்டி, பார், இது கவிழவில்லை என்று காட்டினார்கள். மெல்லிய டயர் போட்ட, எடை குறைந்த, தாழ்வான கார் கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடும்; இயற்பியலில் அதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனாலும் நூற்றாண்டுப் பெயரைக் கட்டிக் காத்தவர்களுக்கு அது ஆறாத காயம்.

நவம்பரில் நிறுவனம் வழிக்கு வந்தது. கார் கொடுப்பதை 12 வாரங்கள் நிறுத்திவைத்தது. சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கினார்கள், டயர்களை மாற்றினார்கள், அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கென்று வைத்திருந்த ஈ.எஸ்.பி.யை ஒவ்வொரு ஏ-கிளாஸிலும் கூடுதல் விலை இல்லாமல் பொருத்தினார்கள். செலவு ஏறத்தாழ 30 கோடி ஜெர்மன் மார்க் என்று கணக்கிட்டார்கள். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரை வைத்து, தோல்வியிலிருந்துதான் அதிகம் கற்றேன் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். மறுத்துப் பேசிய நாட்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் தவறை ஒப்புக்கொண்ட பின் அவர்கள் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் காரின் உடம்பைச் சரிசெய்து, அதன் மேல் கணினியைக் காவல் வைத்ததுதான் முறையான பொறியியல்.

இனி அந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஈ.எஸ்.பி. வினாடிக்கு 25 முறை இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. ஓட்டுபவர் எங்கே போக நினைக்கிறார்? கார் எங்கே போகிறது? முதல் கேள்விக்கு ஸ்டீயரிங் திரும்பிய கோணமும் சக்கரங்களின் வேகமும் பதில் சொல்கின்றன. இரண்டாவதற்கு, கார் தன் நடு அச்சைச் சுற்றி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று தெரிய வேண்டும். அதுதான் கடினம்.

ஒரு மெல்லிய எவர்சில்வர் டம்ளரை நுனிவிரலில் பிடித்து ஸ்பூனால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்கும்போது அடியைப் பிடித்துச் சட்டென்று திருப்புங்கள். ஓசை ஏறி இறங்கி அலையும். விளிம்பு அதிரும்போது சில இடங்கள் அதிகம் ஆடும், சில இடங்கள் ஆடாமல் இருக்கும். டம்ளர் சுழலும்போது இந்த அதிர்வுக்கோலம் கூடவே முழுதாகச் சுழலாமல் கொஞ்சம் பின்தங்கும். பிரையன் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1890இல் ஒயின் கிண்ணத்தில் கவனித்தது இது. முதல் ஈ.எஸ்.பி.யின் சுழற்சி உணரிக்குள்ளும் இப்படி அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன உலோக உருளைதான் இருந்தது. கோலம் எவ்வளவு பின்தங்குகிறது என்று அளந்தால் சுழற்சி வேகம் கிடைத்துவிடும். பின்னாளில் அதையே சிலிக்கன் சில்லுக்குள் அடக்கினார்கள். விலை குறைந்ததால் பரவியது.

இரண்டு பதில்களும் பொருந்தவில்லை என்றால் சிகிச்சை தொடங்கும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஓடும்போது வலது மாட்டின் கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கத் திருப்பத்தில் காரின் பின்பகுதி வெளியே வீசி, மூக்கு அளவுக்கு மீறி உள்ளே திரும்பினால், ஈ.எஸ்.பி. வலது முன்சக்கரத்தைப் பிடிக்கும்; மூக்கு வெளியே இழுபடும். கார் திரும்பாமல் நேராகவே போனால் இடது பின்சக்கரத்தைப் பிடிக்கும். மூக்கு உள்ளே வரும். எந்த மனிதக் காலாலும் ஒரே பெடலில் நான்கு சக்கரத்தில் ஒன்றை மட்டும் பிரேக் பிடிக்க முடியாது.

கவிழப்போகும் ஏ-கிளாஸை இது எப்படிக் காப்பாற்றும்? டயரின் பிடிமானம் கையிருப்புப் பணம் மாதிரி. பிரேக்குக்குச் செலவழித்தால் திருப்பத்துக்கு மிச்சம் இருப்பது குறையும். வெளிப்பக்க முன்சக்கரத்தை இறுக்கிப் பிடித்ததும் அதன் பக்கவாட்டுப் பிடி தளர்ந்து, கார் கொஞ்சம் அகலமாக வழுக்கும், வேகமும் குறையும். கவிழ்க்கும் விசை இறங்கிவிடும்.

1999இல் மெர்சிடிஸ்-பென்ஸ் தன் எல்லாப் பயணிகள் கார்களிலும் இதைப் பொருத்தியது. மற்ற நிறுவனங்களும் சின்னக் கார்களுக்கு இது ஆடம்பரம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. தனியொரு கார் சறுக்கி விபத்தாவது கார்களில் 34 சதவீதமும் எஸ்.யூ.வி.களில் 59 சதவீதமும் குறையும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007இல் மதிப்பிட்டது. 2012 மாடலிலிருந்து அமெரிக்காவிலும், 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயமானது. ஏ-கிளாஸும் பிழைத்தது, அந்த முதல் தலைமுறைக் கார் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஆனால் ஈ.எஸ்.பி.யிடம் இருப்பது டயரின் பிடிமானம் மட்டும்தான். கார் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில். அது வழவழவென்று தேய்ந்திருந்தால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தும் பயனில்லை. அந்த மஞ்சள் விளக்கு ஓடும்போது சிமிட்டினால், ஈ.எஸ்.பி. வேலை செய்கிறது, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். அணையாமல் நிலையாக எரிந்தால், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. ஈ.எஸ்.பி.யை அணைக்கும் பட்டனைப் பார்த்துவிட்டு, அதனால் இல்லையென்றால் அடுத்த மழைக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.