பழைய புத்தகத்தை முகர்ந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. இங்கிலாந்தில் பழைய நூல்களைச் செப்பனிடும் வேலை எனக்கு. அதனால் தெரிந்தவர்கள் பழஞ்சந்தையில் எதை வாங்கினாலும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தத் தடவை நம் ஊர்ப் பெண் ஒருத்தி. டிஃபன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். 1850களில் வந்தது, பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை, தங்க எழுத்து. "வாசனையைப் பாருங்கக்கா" என்று மூக்கருகே வேறு பிடித்துக்கொண்டாள். பையின் உள்துணியில் அட்டை உரசிய இடமெல்லாம் பச்சைத் தூள் அப்பியிருந்தது. அதே பையில் குழந்தையின் பிஸ்கட் டப்பா.

ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எக்ஸ்-கதிரால் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை வைத்துப் பார்த்தேன். செம்பு, ஆர்சனிக். நம் பாட்டிமார் பாஷாணம் என்பார்களே, அதே சமாச்சாரம்தான்.

"அந்தக் காலத்துச் சாமான்தானேக்கா, எல்லாம் இயற்கைச் சாயம். கெமிக்கல் எல்லாம் இப்பதானே வந்துச்சு?" என்றாள். மற்ற இருவரும் இதையேதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவதும் இந்த இடத்தில்தான். அந்தப் பச்சை எந்த இலையிலும் காய்க்கவில்லை. 1775இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் சோதனைக்கூடத்தில் ஒரு பச்சையை உண்டாக்கினார். அதைவிடப் பிரகாசமான இன்னொன்று 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் செம்போடு ஆர்சனிக். அந்த இரண்டாவது பச்சையைத்தான் பின்னாளில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லத் தூவினார்கள். வண்டு மருந்து!

இயற்கையாகவே இருந்தாலும்தான் என்ன? கூத்துக்காரர் ஒப்பனையை அரிதாரம் என்கிறோம். அந்தப் பெயருக்குரிய மஞ்சள் தாது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. ஜாதிலிங்கச் சிவப்பில் இருப்பது பாதரசம். இரண்டும் மண்ணில் தோண்டி எடுப்பவை, சுத்தமான இயற்கை. போதுமா?

"அப்போ எல்லாரும் இதோடதானே வாழ்ந்தாங்க" என்பது அடுத்த வாதம். வாழ்ந்தார்கள், செத்தும் போனார்கள். 1861இல் லண்டனில் துணிப்பூக்களுக்குப் பச்சைப்பொடி தூவும் வேலை பார்த்த மட்டில்டா ஷூரர் இறந்தபோது வயது 19. கண்ணின் வெள்ளைகூடப் பச்சையாகியிருந்தது. அடுத்த ஆண்டு அதே நகரின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே வீட்டுக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்று நினைத்திருந்தார்கள். பிறகு படுக்கையறையின் பச்சைச் சுவர்த்தாளை, அதாவது வால்பேப்பரை, சோதித்தால் ஆர்சனிக். இத்தனைக்குப் பிறகும் சுவர்த்தாள் வடிவமைப்பில் பெரிய பெயரான வில்லியம் மோரிஸ், 1885இல் எழுதிய கடிதத்தில் இந்தப் பயத்தையே மடத்தனம் என்றார். அவர் குடும்பம் பங்கு வைத்திருந்த டெவன் சுரங்கம் ஆர்சனிக்கை மலையாகத் தோண்டி விற்றது; அவரே சில ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்தவர். பிரிட்டனில் இந்தச் சுவர்த்தாளுக்குத் தடைச் சட்டம் கடைசிவரை வரவே இல்லை. வாங்குகிறவர்கள் முகம் சுளித்த பிறகுதான் கடைக்காரர்கள் 'ஆர்சனிக் இல்லாதது' என்று விளம்பரம் செய்தார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் கெட்ஸி என்ற மருத்துவர் 1874இல் விஷச் சுவர்த்தாள் துண்டுகள் 86ஐத் தொகுத்து, மக்களை எச்சரிப்பதற்காக நூறு பிரதிகளை நூலகங்களுக்கு அனுப்பினார். எச்சரிக்கைப் புத்தகமே விஷம். எங்கள் துறையில் இதைச் சொல்லிச் சிரிப்போம். அமெரிக்காவின் விண்டர்தூர் அருங்காட்சியகம் 2019இல் பச்சை அட்டைகளைச் சோதிக்கத் தொடங்கியபோது முதலில் சிக்கியதும் 1857இல் வந்த ஒரு வீட்டு அலங்காரப் புத்தகம்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். எல்லாப் பச்சையும் விஷமல்ல, ஆனால் கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை கையில் கிடைத்தால் ஜிப் உறையில் போட்டு மூடுங்கள். தொட வேண்டுமென்றால் நைட்ரைல் கையுறை. மெத்தையில், சோபாவில் வைக்காதீர்கள். வழவழப்பான மேசையில் வையுங்கள், பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைத்துத் துணியைத் தூக்கிப் போடுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

இங்கே பழைய வீடு வாங்கும் நம்மவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுவர்த்தாளைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். கதவு, ஜன்னல் பெயிண்ட்டில் உப்புத்தாளை வைக்காதீர்கள். அங்கே ஈயம் இருப்பதற்கு ஆர்சனிக்கைவிட வாய்ப்பு அதிகம். முதலில் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த வேலையை நீங்களே செய்யவும் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் புத்தகத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட்டையும் பையையும் குப்பையில் போடச் சொன்னேன். "பை புதுசுக்கா, மெஷின்ல போட்டுத் துவைச்சுக்கிறேனே" என்றாள். பாப்பா உடுப்போடயா என்று கேட்டேன்.