யாக்கோபின் கதையைப் பாதியில் மூடாதீர்கள்

"பணம் வந்துவிட்டதாகவே நினை, வந்துவிடும்" என்று யூடியூபில் கேட்டுவிட்டு, கழுத்தளவு கடனோடு ஆலோசனைக்கு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிலர் கையில் பைபிளும் இருக்கும். ஜெபத்தில் கேட்டதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசிக்கச் சொல்லும் மாற்கு 11:24-க்குக் கீழே அழுத்தமாகக் கோடு போட்டிருப்பார்கள்.

இந்தப் போதனையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நெவில் கொடார்ட். 1905-ல் பார்படாஸில் பிறந்து, அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிப் பேர் வாங்கி, 1972-ல் இறந்தவர். அவருக்கு பைபிள் வரலாறு அல்ல, மனசுக்குள் நடக்கும் நாடகம். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 27-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டிக்கொண்டு, அண்ணன் ஏசாவைப் போல நடித்து, பார்வை மங்கிய அப்பாவிடம் போகிறான். அப்பா ஈசாக்கு தடவிப் பார்த்து, ஏசா என்றே நம்பி, மூத்தவனுக்குரிய ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிடுகிறார். விரும்பியதைத் தொட்டு உணரும் அளவுக்குக் கற்பனை செய்தால் அது நிஜமாகிவிடும் என்று நெவில் இதை வாசித்தார்.

அழகான வாசிப்புதான். ஆனால் கதை அங்கே முடியவில்லையே! ஆசீர்வாதம் வாங்கிய கையோடு யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறான். தாய்மாமன் லாபானிடம் 20 வருஷம் வேலை: மாமனின் இரண்டு மகள்களை மணக்க 14, மந்தைக்காக 6. பகலில் வெயில், ராத்திரியில் குளிர், கண்ணில் தூக்கமில்லை, சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர் என்று 31-ஆம் அதிகாரத்தில் மாமனிடமே குமுறுகிறான். அவன் மந்தை பெருகியது அங்கேதான்.

என்னிடம் வருபவர்கள் பலர் 27-ஆம் அதிகாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பணக்காரர் போல நடந்துகொள்ள வேண்டுமென்று கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. எடுத்தால் 'இல்லை' என்கிற நினைப்பு மனசில் பதிந்துவிடுமாம்.

உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் பட்டதாரிகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார். நல்ல வேலையில் அமர்ந்தது போல அடிக்கடி கனவு கண்டவர்கள் விண்ணப்பித்ததும் குறைவு, வாங்கிய சம்பளமும் குறைவு. வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களோ நன்றாகவே வந்தார்கள்.

அதனால் கற்பனையை விடச் சொல்வதில்லை நான். ராத்திரி கடன் அடைந்த காட்சியைப் பாருங்கள், சரி. அப்புறம் குறுக்கே நிற்பது எது, காலையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். தவணையைக் குறைத்துத் தரச்சொல்லி வங்கியில் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

கெட்ட எண்ணம் வந்ததால்தான் கஷ்டம் வந்தது என்று உங்களையே திட்டிக்கொண்டு தூக்கம் போனால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வசனத்தைக் காட்டி, 'இப்போது கட்டினால் பத்து மடங்காகத் திரும்பி வரும்' என்று வகுப்பு விற்பவர்களுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள்.